தோட்டத்துல பாக்கற பறவை, பாம்பு எல்லாம் பேர் சொல்லத் தெரிஞ்சுக்கணும், எங்க ஆரம்பிக்கறது?

வேப்பமரத்தடி:
சென்னைல பதினஞ்சு வருஷம் இருந்துட்டு இந்தத் தையில திண்டுக்கல் பக்கம் அம்மா ஊருக்கே வந்துட்டோம். மூணு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, சுத்தி முள்வேலி. பொண்ணுக்கு எட்டு வயசு, எந்திரிச்சதுல இருந்து அப்பா அது என்ன இது என்னன்னு கேட்டுட்டே இருக்கா, எனக்கு காக்கா மைனா மயில் தாண்டி ஒண்ணும் தெரியல. நேத்து கிணத்துமேட்டுல காக்கா சைஸ்ல ஒண்ணு, கருப்பு உடம்பு, செங்கல் கலர் றெக்கை, கண்ணு ரத்தச் சிவப்பு, பறக்காம வேலிக்குள்ளயே நடந்து போச்சு. என்ன பறவை அது? போன வாரம் வைக்கப்போர்கிட்ட ஆளுயரத்துக்கு ஒரு பாம்பு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடிச்சுட்டார், அது நல்ல பாம்பா சாரையான்னு கூட எனக்கு சொல்லத் தெரியல, அதுதான் உறுத்திட்டே இருக்கு.

கரிசக்காட்டான்:
அது செம்போத்து தம்பி, செண்பகம்னும் சொல்லுவாங்க. புதருக்குள்ள இருந்து ஊப் ஊப் ஊப்னு அடித்தொண்டையில கூப்பிடும், நத்தை, வெட்டுக்கிளி எல்லாம் பிடிச்சுத் தின்னும்.

முதல்லயே புஸ்தகத்தைத் தூக்காதீங்க. பாப்பாவைக் கூட்டிட்டு விடிஞ்சதும் அரைமணி நேரம் கிணத்துமேட்டுலயே உக்காருங்க, தினமும் அதே இடம். ஏழெட்டா சேர்ந்து வந்து கத்திட்டே சருகைப் புரட்டுனா தவிட்டுக்குருவி. மாட்டு முதுகுல உக்காந்திருக்கற கருப்பு, வால் நுனி ரெண்டாப் பிரிஞ்சிருக்கும், அது கரிச்சான், பருந்தையே விரட்டும். கரண்ட் கம்பில மண் கலர்ல சும்மா உக்காந்திருக்கும், பறந்தா றெக்கை முழுக்க நீலம், அது பனங்காடை, அதை ஒருதரம் பாத்துட்டா பாப்பா மறக்கவே மாட்டா. குயில்ல ஆண்தான் முழுக் கருப்பு, பெண் பழுப்புல வெள்ளைப் புள்ளி, நிறையப் பேர் ரெண்டும் வேற வேற பறவைன்னே நினைச்சுட்டு இருக்காங்க.

ஓடைக்கரை அக்கா:
ஆளுயரம்னா பெரும்பாலும் சாரைதான் தம்பி. கண்ணு பெருசா உருண்டையா இருக்கும், உதட்டோரம் கருப்புக் கோடு கோடா இருக்கும், படம் எடுக்காது, விஷம் கிடையாது, எலியைத் தின்னு நெல்லைக் காப்பாத்தற பாம்பு அது. சாரையும் நல்லதும் பின்னிக்கும்னு சொல்றது பொய், பின்னிக்கிட்டு நிக்கறது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரை, சண்டை போடுது.

உசுருக்கு ஆபத்துன்னா முக்கியமா நாலைத் தெரிஞ்சுக்கோங்க: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டு விரியன் ராத்திரிதான் வரும், கடிச்சா வலி அவ்வளவா தெரியாது, அதனால தரையில படுக்காதீங்க, கொசுவலையை பாய்க்கடியில சொருகிடுங்க, டார்ச் இல்லாம வெளிய போகாதீங்க. கண்ணாடி விரியன் குக்கர் மாதிரி சீறும். கடிச்சா கட்டுப் போடறது, கீறி விடறது எதுவும் வேண்டாம், ஆட்டாம அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி. இந்த நாலுக்கும் ஒரே மருந்துதான், அந்த மருந்து செய்ய வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில, 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துல எடுத்துக் குடுத்துட்டு இருக்காங்க.

தூக்கணாங்கூடு:
பேரு ஊருக்கு ஊர் மாறும் ப்ரோ, அதனால உங்க ஊர்ல ஆடு மேய்க்கற பெரியவங்ககிட்ட கேட்டு அந்தப் பேரையும் நோட்டுல எழுதி வைங்க. போன்ல மெர்லின் ஆப் போட்டா சத்தத்தை வச்சே பறவையைச் சொல்லும், சிலசமயம் தப்பாச் சொல்லும், கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கோங்க. ஜனவரில பொங்கல் லீவுல தமிழ்நாடு பூரா பறவை எண்ணுவாங்க, அடுத்த தைக்கு பாப்பாவும் நீங்களும் சேர்ந்துக்கலாம்.

வேப்பமரத்தடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு வாரமா உக்காந்தோம், நோட்டுல பதினாலு பேர் ஆச்சு. உழவு ஓட்டப் போன காட்டுல ரெண்டு பறவை தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துச்சு, மஞ்சக் காலு, மூக்குகிட்ட சிவப்பா சதை. தேடிப் பாத்தா வெறும் தரையில நாலு முட்டை, மண்ணாங்கட்டி மாதிரியே இருக்கு. பொண்ணு குச்சி நட்டு வச்சா, டிராக்டர்காரரும் அந்த இடத்தை விட்டுட்டு ஓட்டினார். எத்தனை நாள்ல பொரியும்?

கரிசக்காட்டான்:
ஆக்காட்டி. நாலு வாரம் ஆகும். குச்சியைப் பிடுங்கிடுங்க, காக்கா அதுல வந்து உக்காரும். தள்ளி நாலு கல்லு வச்சா போதும், கிட்டப் போகாம மேட்டுல இருந்தே பாருங்க. பொரிஞ்ச அன்னிக்கே குஞ்சு நடக்கும், தாய் கத்துனா அப்படியே தரையோட தரையா ஒட்டிக்கும், அப்ப காட்டுக்குள்ள பாத்து கால் வைங்க.