நாய்க்குக் கால் முறிவு, வீட்டில் குறுவை அறுவடை. எப்படிச் சமாளிப்பது?

மன்னார்குடி பக்கம் கிராமம். போன வாரம் டிராக்டர் இடித்து எங்கள் கறுப்பனுக்குப் பின்னங்கால் முறிந்துவிட்டது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கட்டுப் போட்டார்கள், ஆறு வாரம் ஓடவிடக் கூடாதாம். எனக்குத் தஞ்சாவூரில் வேலை, காலை ஏழரைக்கே பஸ். அப்பா கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டதால் சாலையில் காயவைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறார். அம்மாவோ "மாட்டுக்கே ஆள் இல்லை, நாய்க்கு ஆயாவா?" என்கிறார். ராத்திரி கட்டைக் கடித்துப் பிய்க்கிறது வேறு.

பதில்:
பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டுங்கள், கடிக்காது. திண்ணை மூலையைக் கட்டிலால் அடைத்துவிடுங்கள். மழையில் வெளியே கூட்டிப்போகும்போது மட்டும் கட்டின் மேல் பால் கவர், உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர்த்து நாறும். விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். வலிக்கிறதே என்று நம் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஈரல் போய்விடும்.

பதில்:
அம்மா மேல் தப்பில்லை தம்பி, அறுவடை நேரம். மொத்தத்தையும் அவர் தலையில் கட்டாமல் மதியம் ஒரு வேளை சோறும் தண்ணீரும் மட்டும் கேளுங்கள். மாத்திரை, கழிவு எல்லாம் பஸ்ஸுக்கு முன்னால் நீங்களே.

கேட்டவர்:
வாளி மாட்டியாச்சு, இரண்டு தடவை தூணில் முட்டிக்கொண்டது. அம்மா மதியம் மட்டும் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் இன்று வந்து பார்த்தால் தட்டில் கருவாட்டுத் தலை.