அச்சடித்த மண்டையோட்டின் மோதல் சோதனை கணினி முடிவோடு பொருந்தவில்லை

நுவரெலியா_மாணவி:
சீ.டி. ஸ்கேனிலிருந்து எடுத்த மண்டையோட்டின் வடிவத்தை பீ.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் முப்பரிமாணப் பிரிண்டரால் அச்சடித்து, 5 கிலோ எடையை அரை மீற்றர் உயரத்திலிருந்து நெற்றியில் விழவிடுகிறோம். இதே மோதலைக் கணினியிலும் கணித்துப் பார்க்கிறோம்; அதில் எலும்பின் யங் மட்டாக (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 12 கிகாபாஸ்கல் கொடுத்தோம். கணினி காட்டும் உச்ச விசை, சோதனையில் பதிவாவதைவிட மிக அதிகம். அச்சடித்த மண்டையோடு வேறு, பிரிண்டர் ஒன்றன்மேல் ஒன்றாக இட்ட படைகளுக்கு இடையிலேயே பிளக்கிறது. எதைத் திருத்த வேண்டும்?

பேராதனைப்_பொறியியல்:
தங்கச்சி, வடிவம் ஒன்றுதான், பொருள் வேறு. பீ.எல்.ஏ.யின் யங் மட்டு ஏறக்குறைய 3 கிகாபாஸ்கல். ஆகவே முதலில் கணினியிலும் பீ.எல்.ஏ.யையே போடுங்கள். ஃபிலமென்ட் (பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக் இழைச் சுருள்) பெட்டியிலுள்ள எண்ணை நம்ப வேண்டாம். அதே பிரிண்டரில், அதே செட்டிங்கில் சிறு சட்டங்களைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் அச்சடித்து, இரு முனையையும் தாங்கி நடுவில் அழுத்தி முறியுங்கள். நிமிர்த்தி அடித்தது சீக்கிரம் முறியும். உங்கள் ஓடு பிளந்ததும் அந்தப் பலவீனத்தால்தான். எலும்பில் அப்படியான படை கிடையாது. சோதனையின் விசை–நேர வளைகோடும் கணினியின் வளைகோடும் பொருந்திய பிறகே எலும்பின் எண்களுக்கு மாறுங்கள். அப்போதும் வெளித்தகடு, நடுவிலுள்ள பஞ்செலும்பு, உள்தகடு மூன்றுக்கும் தனித்தனி எண் வேண்டும். வளைவைத் தாங்குவது இரு தகடுகளும்தான். மொத்தத்துக்கும் 12 போட்டால் ஓடு பொய்யாக விறைக்கும்.

மெஷ்_அண்ணன்:
விசையை எந்த வேகத்தில் பதிகிறீர்கள்? மோதல் சில மில்லிசெக்கனில் முடிந்துவிடும். செக்கனுக்கு 1,000 தடவை பதிந்தால் உச்சம் நழுவும்; குறைந்தது 10,000 வேண்டும். அடுத்தது மெஷ், அதாவது கணினி கணக்கிடுவதற்காக ஓட்டை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை. நான்கு முனை (கணக்குப் புள்ளி) கொண்ட நான்முகித் துண்டு வளைவில் அளவுக்கு மிஞ்சி விறைக்கும், அதுவும் விசையை ஏற்றிக் காட்டும். பத்து முனை நான்முகி எடுங்கள், தடிப்புக்குக் குறுக்கே மூன்று எலிமென்டாவது இருக்கட்டும். கணினியில் மோதும் வேகம் செக்கனுக்கு 3.13 மீற்றர், சக்தி 24.5 யூல் வரவேண்டும். கழுத்துப் பக்கத்தைச் சோதனையில் ஸ்பொஞ்சில் வைத்துவிட்டு, கணினியில் இறுக்கிக் கட்டியிருந்தால் எதுவுமே பொருந்தாது.

ஹட்டன்_பிரிண்டர்:
நம்ம பக்கத்து மூடுபனியில் ஃபிலமென்ட் ஈரம் குடிக்கும். அச்சடிக்கும்போது சடசடவென்று வெடித்தால் அதுதான். உள்ளே குமிழி விழுந்து படைகள் ஒட்டாது. 45–50 பாகை செல்சியஸில் 4 முதல் 6 மணித்தியாலம் உலர்த்துங்கள். 60ஐ நெருங்கவிட்டால் சுருளே இளகிவிடும். குளிர்காற்று படாமல் பிரிண்டரைப் பெட்டிக்குள் மூடி வையுங்கள்.

நெற்றிப்பொட்டையும் கண்குழியின் மேற்கூரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே எலும்பு மெல்லியது. ஸ்கேன் துண்டு (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும் காட்டும் தடிப்பு) தடிப்பாக இருந்தால், மென்பொருளில் படத்திலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கும்போது இல்லாத ஓட்டை விழும். அதை அப்படியே அச்சடித்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

நுவரெலியா_மாணவி:
ஸ்கேன் துண்டு 3 மில்லிமீற்றர், கண்குழி மேலே இரண்டு ஓட்டை இருக்கிறது. 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஸ்கேன் கேட்டுப் பார்க்கிறோம் அண்ணா.

ஹட்டன்_பிரிண்டர்:
கிடைக்கும் வரை அந்த ஓட்டைகளை மென்பொருளில் கையால் அடைத்து, அடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள். கோப்பில் நோயாளியின் பெயர் இருந்தால் திறந்தவுடன் நீக்கிவிடுங்கள்.