இது கடைசி

குழு: நம் வீட்டார்

வெள்ளிக்கிழமை

8:41 நான்: ஞாயிறு அம்மா பிறந்தநாளுக்கு அப்பா குரல் இருக்கும் கேசட்டைப் போடலாம் என்று பேசினோமே, அதற்காக இன்று செட்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் டமார் என்று ஒரு சத்தம். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் பாட்டு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் மறுபடி போடப் பயமாக இருக்கிறது. பெரியண்ணா, பார்த்தால் சொல்லுங்கள்.

8:42 பாப்பு: பாட்டிக்கு ஒன்றும் இல்லையே?

8:42 நான்: இல்லை. என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

8:43 சின்னண்ணா: அந்த ஆம்ப் இன்னும் உயிரோடு இருக்கிறதா

8:44 அக்கா: அது உன் வீட்டிலா இருக்கிறது? நான் பெரியண்ணா வீட்டில் என்று நினைத்தேன்

8:45 நான்: எட்டு வருடமாக என் பரணில்தான் அக்கா. யாருக்கு வேண்டும் என்று அன்றே எல்லோரையும் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

8:45 அக்கா: சும்மா கேட்டேன்

8:46 குட்டி: வால்யூமைக் குறைத்துவிட்டுப் போடுங்கள் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை

8:46 நான்: வால்யூம் பூஜ்ஜியத்தில்தான் இருந்தது.

8:47 அக்கா: அப்பா போடும்போது இப்படிச் சத்தம் வந்ததாக நினைவே இல்லையே

8:47 சின்னண்ணா: அப்பா நம்மை எங்கே தொடவிட்டார்

8:51 பெரியண்ணா: கேசட் ஓடும் டெக், அதன் சத்தத்தைச் சீராக்கும் ப்ரீஆம்ப், அதை ஸ்பீக்கருக்குப் பெருக்கும் பவர் ஆம்ப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, போர்டு சுவிட்சைத்தானே தட்டினாய்?

8:51 நான்: ஆமாம். தப்பா?

9:04 பெரியண்ணா: தப்புதான், ஆனால் எல்லோரும் செய்வது. கேள். ப்ரீஆம்புக்குள் மின்சாரம் ஏறும்போது அதில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர்கள் காலியாக இருக்கும். அவை நிரம்பி நிலைக்கு வரும்வரை ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ அதன் வெளியீடு ஒரு குதி குதிக்கும். அந்த நேரத்தில் பவர் ஆம்பும் விழித்துக்கொண்டிருந்தால் அதற்கு இது பாட்டா, குதிப்பா என்று தெரியாது. வந்ததைப் பெருக்கிவிடும். பவர் ஆம்ப் சாதாரணமாக 26 டெசிபல் பெருக்கும், அதாவது 20 மடங்கு. ப்ரீஆம்ப் அரை வோல்ட் குதித்தால் ஸ்பீக்கரில் 10 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 12.5 வாட். அறைக்குள் பாட்டுக் கேட்க ஒரு வாட்டே தாராளம். நீ கேட்ட டமார் அதுதான். வால்யூமைக் குறைத்தும் ஏன் வந்தது என்றால், வால்யூம் குமிழ் ப்ரீஆம்பின் நடுவில் இருக்கிறது. குதிப்பது அந்தக் குமிழுக்குப் பின்னால் உள்ள பகுதி. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டாய், ஆனால் குழாய்க்கு அப்புறம் நிற்கிற தண்ணீர் கொட்டத்தானே செய்யும்?

9:05 பாப்பு: மாமா, ஒரு வரியில்?

9:05 அண்ணி: இங்கே அரை மணி நேரமாக இதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு விநாடி, ஒரு விநாடி என்கிறார்

9:07 பெரியண்ணா: ஒரு வரியில்: பவர் ஆம்பைக் கடைசியில் போடு, முதலில் அணை.

9:08 நான்: போடுவது புரிகிறது. அணைக்கும்போது ஏன் முதலில்?

9:08 அண்ணி: கேட்டுவிட்டாயா

9:15 பெரியண்ணா: ப்ரீஆம்ப் சாகும்போதும் ஒரு குதி குதிக்கும். அதனால் பெருக்குகிற ஆளை முதலில் தூங்க வைத்துவிட வேண்டும். அதுவும் சுவிட்சை அணைத்த உடனே தூங்காது. உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்களில் மிச்சம் இருக்கும் மின்சாரத்தில் பல விநாடி ஓடும். அணைத்த பிறகும் பாட்டு கொஞ்ச நேரம் கேட்டுத் தேயுமே, கவனித்திருப்பாய். பாட்டு தேய்ந்த பிறகும் 20 எண்ணிவிட்டு ப்ரீஆம்ப், அப்புறம் டெக். இன்னொன்று, நடுவில் மின்சாரம் போனால் ஓடிப்போய் பவர் ஆம்ப் சுவிட்சை அணை. இல்லையென்றால் திரும்பி வரும்போது மூன்றும் ஒன்றாக எழும், மறுபடி டமார்.

9:16 இவர்: வரிசையாகத் தானே போடும் போர்டு ஒன்று இருக்கிறதாமே, வாங்கலாமா

9:16 நான்: பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு இதைக் குழுவில் கேட்க வேண்டுமா

9:17 பெரியண்ணா: சீக்வென்சர் மாப்பிள்ளை. அரங்குகளில் வைப்பார்கள். ஒவ்வொன்றாகச் சில விநாடி விட்டுப் போடும், அணைக்கும்போது தலைகீழாக. மூன்று பெட்டிக்கு எதற்கு? கை இருக்கிறதே.

9:19 சின்னண்ணா: அப்போ அன்றைக்கு ட்வீட்டர், அந்தக் கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், கருகியதும் இதனால்தானா? இருபது வருடமாக என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்

9:20 அக்கா: ஆரம்பித்துவிட்டது

9:24 பெரியண்ணா: அது வேறு. ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பாட்டு வரும் ஆர்சிஏ வயரைப் பிடுங்கி மாட்டினாய். அந்தப் பிளக்கில் நடு ஊசிதான் முதலில் தொடும், சுற்றியிருக்கும் வளையம் பிறகுதான். எர்த் சேராத அந்த ஒரு கணத்தில் முழு உறுமலும் பவர் ஆம்புக்குள் நேராகப் போகும். அது தாங்க முடியாமல் கதறியது, ட்வீட்டர் போனது. எந்த வயரைத் தொட்டாலும் முதலில் ஆம்பை அணைக்க வேண்டும்.

9:24 சின்னண்ணா: மாற்றச் சொன்னது யார்?

9:25 சின்னண்ணா: பதில் வராது. தெரியும்

9:25 பெரியண்ணா: அணைத்துவிட்டு மாற்று என்றுதான் சொன்னேன்

9:26 சின்னண்ணா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

9:26 அண்ணி: நான் படித்துவிட்டேன்

9:28 அக்கா: அண்ணா, என் வீட்டில் ஃப்ரிட்ஜ் நிற்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் சொடுக்குப் போட்டதுபோல் ஒரு சத்தம். அதுவும் இதேதானா?

9:31 பெரியண்ணா: இல்லை. அது மோட்டார் நிற்கும்போது சுவிட்சில் பறக்கும் பொறி. வயர் வழியாக ஆம்புக்கு வருகிறது. முதலில் இரண்டையும் வேறு வேறு பிளக்கில் போட்டுப் பார். அடங்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து அந்தப் பொறியை அடக்கும் ஸ்னப்பர் போடலாம், அதில் மெயின் கரண்டுக்கென்றே செய்த எக்ஸ்2 வகைக் கண்டன்சர்தான் இருக்க வேண்டும். நீயே எதையும் ஒட்டாதே.

9:32 குட்டி: என் லேப்டாப்பில் ஒவ்வொரு முறை பாட்டு ஆரம்பிக்கும்போதும் டிக் என்கிறது மாமா

9:33 பெரியண்ணா: சத்தம் இல்லாத நேரத்தில் சவுண்ட் சிப் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடுகிறது. எழும்போது டிக். அந்தச் சேமிப்பை நிறுத்தினால் போகும். ஞாயிறு பார்க்கலாம், நினைவுபடுத்து.

9:35 பாப்பு: எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. ஆம்புக்கு வரும் வயரில் நடுவில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்துவிட்டால் சத்தமே வராதாம்

9:36 பெரியண்ணா: அது ரிப்பேர் மேசையில் செய்வது. பழுது பார்த்த பெட்டியை முதல்முறை போடும்போது, உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் எரிந்து காட்டிக்கொடுக்கும். தினமும் அப்படி வைத்துப் பாட்டுக் கேட்பதற்கு இல்லை. யார் அனுப்பியது?

9:36 பாப்பு: சின்ன மாமா

9:37 சின்னண்ணா: வந்ததை அனுப்பினேன்

9:40 நான்: சரி, கேசட். அதை யாராவது கேட்டுப் பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் அப்பாதானே?

9:41 அக்கா: முதல் பக்கம் அப்பா. இரண்டாம் பக்கம் கிரிக்கெட் வர்ணனை

9:41 குட்டி: என்னது?

9:42 அக்கா: மேலே பதிவாகக் கூடாது என்றுதான் அப்பா கேசட் விளிம்பில் இருந்த சின்னத் தகட்டை உடைத்து வைத்திருந்தார். ஒருவர் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டி, மேலேயே பதிவு செய்துவிட்டார். பெயர் சொல்லமாட்டேன்

9:43 சின்னண்ணா: எனக்கு அப்போது பதின்மூன்று வயது

9:44 பெரியண்ணா: மிச்சமிருக்கும் பக்கத்தையாவது காப்பாற்றுவோம். குட்டி, முதல்முறை ஓடும்போதே லேப்டாப்பில் பதிவு செய்துவிடு. பழைய நாடா, இரண்டாம் முறை சிக்கிக்கொண்டால் அழ முடியாது.

9:50 நான்: (படம்) பெரியண்ணா, பவர் ஆம்ப் என்கிறீர்களே, அப்பா கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறதே, இந்தப் பெட்டிதானே?

9:50 அக்கா: "இது கடைசி"! இன்னும் இருக்கிறதா அது

9:51 அண்ணி: இது என்ன கதை?

9:53 அக்கா: அண்ணி, அப்பா மாதம் ஒரு பெட்டி வாங்கி வருவார், அம்மாவோடு சண்டை. ஒருநாள் இந்தத் தாளை ஒட்டினார். இனி எதுவும் வாங்கமாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் டெக் வந்தது. அம்மா ஒரு வாரம் பேசவில்லை

9:54 சின்னண்ணா: பத்து நாள்

9:57 குட்டி: ப்ரீஆம்பின் மேலே 2 என்று எழுதியிருக்கிறது

9:58 குட்டி: டெக்கின் பக்கவாட்டில் 1

9:58 பாப்பு: ஐயோ

9:58 பாப்பு: அது வாங்கும் கணக்கு இல்லை. போடும் வரிசை

10:01 பெரியண்ணா: ஆம்பின் பின்பக்கம் பார்

10:03 நான்: பாதி கிழிந்திருக்கிறது. "அணைக்க முதல்" என்று படிக்க முடிகிறது.

10:03 அக்கா: கடவுளே

10:04 சின்னண்ணா: அம்மாவிடம் யாரும் சொல்லாதீர்கள்

10:04 நான்: குட்டி சொல்லிவிட்டான்.

10:07 குட்டி: பாட்டி சொன்னதை அப்படியே தட்டுகிறேன்: "பத்து நாள் பேசாமல் இருந்தேனே, அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் அல்லவா அந்த மனுஷன்."

10:08 அண்ணி: பேசாத மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று இவர் கேட்கிறார்

10:08 குட்டி: பாட்டி: "அவனைச் சாப்பிடச் சொல்லு."

சனிக்கிழமை

10:20 நான்: அப்பா எழுதியபடி போட்டேன். 1, 2, பத்து எண்ணினேன், அப்புறம் ஆம்ப். டமார் போய்விட்டது. ஆனால் சின்னதாக ஒரு டொப் இருக்கிறது.

10:21 சின்னண்ணா: போதாதா

10:29 பெரியண்ணா: அது பவர் ஆம்பின் சொந்தச் சத்தம். உள்ளே ப்ளஸ், மைனஸ் இரண்டு சப்ளையும் ஒரே சீராக ஏறாது, அந்த ஒரு கணம் வெளியீடு சாய்ந்து நேராகும். பிற்காலத்து ஆம்புகள் பலவற்றில் ரிலே என்று தானே இயங்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டு மூன்று, நான்கு விநாடி கழித்து டிக் என்று ஸ்பீக்கரைச் சேர்க்கும். அப்படி ஏதாவது கேட்டதா?

10:30 நான்: இல்லை. உடனே டொப்.

10:36 பெரியண்ணா: அப்போது இதில் ரிலே இல்லை. சின்ன டொப் பரவாயில்லை. ஒன்று மட்டும் பார். ஸ்பீக்கரின் முன் துணியை எடுத்துவிட்டு, ஆம்பைப் போடும்போது வூஃபரை, அந்தப் பெரிய கூம்பைக் கவனி. கொஞ்சம் அசைந்து பழைய இடத்துக்கு வந்தால் சரி. வெளியே தள்ளியோ உள்ளே இழுத்தோ அப்படியே நின்றால் உடனே அணை, நேர் மின்சாரம் சுருளில் ஏறுகிறது, கருகிவிடும். ஆம்பின் மூடியை மட்டும் திறக்காதே, அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

10:41 குட்டி: அசைந்து திரும்பிவிட்டது மாமா

10:43 பெரியண்ணா: நல்லது. ஆனாலும் நாளை கேசட் போடுவதற்கு முன் மல்டிமீட்டரில் அளந்துவிடலாம். பாட்டு இல்லாமல், ஸ்பீக்கர் முனைகளில் டிசி, அதாவது அந்த நேர் மின்சாரம், பார்த்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் ஸ்பீக்கரைக் கழற்றிவிடலாம், வேறு வழி பார்ப்போம். என் மல்டிமீட்டர் சின்னவனிடம் இருக்கிறது.

10:44 சின்னண்ணா: நான் திருப்பிக் கொடுத்துவிட்டேனே

10:44 அண்ணி: கொடுக்கவில்லை

10:52 சின்னண்ணா: தேடுகிறேன்

10:53 அக்கா: நாளை எத்தனை மணிக்கு? ஐந்தா ஆறா?

10:53 பாப்பு: நான் ஆறு என்று நினைத்தேன்

10:58 நான்: ஐந்தரைக்கு வாருங்கள். சுவிட்சை யார் போடுவது?

10:59 பெரியண்ணா: நான்

10:59 சின்னண்ணா: நான்

11:06 குட்டி: பாட்டி தான் போடுவாராம். வரிசை தனக்குத் தெரியும் என்கிறார்

11:07 அக்கா: சின்னவனே, மல்டிமீட்டர்?