கழுத்து வலி, ராத்திரியில கை மரத்துப்போகுது: தேய்மானம்தானா?

ஓவர்லாக்_திருப்பூர்:
எனக்கு 43 வயசுங்க. பனியன் கம்பெனியில 16 வருஷமா ஓவர்லாக் மெஷின். ரெண்டு மாசமா பிடரியில இருந்து வலது தோள்பட்டை வரைக்கும் இழுத்துப் பிடிக்குது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கு வலது கை மரத்துப்போய் முழிப்பு வருது. எறும்பு ஊர்ற மாதிரி, அப்புறம் ஊசி குத்துற மாதிரி. எழுந்து உட்கார்ந்து உதறினாத்தான் விடுது. எக்ஸ்ரே பார்த்துட்டுக் கழுத்தெலும்பு தேய்மானம்னு காலர் பட்டை கொடுத்தாங்க. பத்து நாள் போட்டேன், மரப்பு குறையலை. பக்கத்து ஊர்ல ஒருத்தர் கழுத்துல சொடக்கு எடுத்து விடுவாராம். போகலாமா?

பிசியோ_ஈரோடு:
சொடக்கு வேண்டவே வேண்டாங்க அக்கா. கழுத்தை வெடுக்குன்னு திருப்புறப்ப மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க.

எந்தெந்த விரல் மரக்குதுன்னு பாருங்க, அதுதான் முக்கியம். கழுத்துல 6ஆவது நரம்பு நசுங்கினா கட்டைவிரலும் ஆள்காட்டியும், 7ஆவதுன்னா நடுவிரல், 8ஆவதுன்னா சுண்டுவிரல் பக்கம். மணிக்கட்டுல நசுங்கினா கட்டைவிரல்ல இருந்து மோதிரவிரல் பாதி வரைக்கும் மரக்கும், சுண்டுவிரலுக்கு ஒண்ணும் ஆகாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும்னா முழங்கையையும் பார்க்கணும்.

40 தாண்டினா வலியே இல்லாதவங்க எக்ஸ்ரேலயும் தேய்மானம் தெரியும். அதை மட்டும் வச்சு முடிவு கட்ட முடியாது. கழுத்து நரம்புன்னா அண்ணாந்து தலையை வலிக்கிற பக்கம் சாய்ச்சா வலி கைவழியா சுரீர்னு இறங்கும், கையைத் தூக்கி உச்சந்தலையில வச்சா பலருக்குக் குறையும். ராத்திரி மரத்து, உதறினா விடுதுன்னா எனக்கு மணிக்கட்டு மேலதான் சந்தேகம்.

கரூர்_மகன்:
எங்கப்பாவுக்கு முதல்ல சட்டை பட்டன் போட வரலை. அப்புறம் நடக்குறப்ப செருப்பு கழன்றதே தெரியாம ரெண்டடி போயிடுவார். வயசாயிடுச்சுன்னு நாங்க எட்டு மாசம் எண்ணெய் தேய்ச்சுட்டு இருந்தோம். எம்.ஆர்.ஐ. எடுத்தா கழுத்துல தண்டுவடமே நசுங்கியிருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் நடை ஓரளவு திரும்பிச்சு, விரல் திரும்பலை. பட்டன் போட வராம கை தடுமாறினாலோ, கால் தள்ளாடினாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியாம போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. நெஞ்சு இறுக்கம், வேர்வையோட இடது கை வலிச்சா அது வேற, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

லேப்_அக்கா:
சர்க்கரை, பி12 வைட்டமின், தைராய்டு மூணையும் பார்த்துடுங்க. சர்க்கரைக்குக் கொடுக்குற மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையலாம். சர்க்கரையால வர்ற மரப்பு பெரும்பாலும் பாதத்துலதான் தொடங்கும்.

ஓவர்லாக்_திருப்பூர்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். தம்பி சொன்னதுக்கப்புறம் ராத்திரி முழிப்பு வந்தப்ப துணிக்கு மார்க் பண்ற சாக்பீஸால மரக்குற இடத்தை வரைஞ்சேன். மோதிரவிரலை நீளவாக்குல வெட்டினாப்ல, நடுவிரல் பக்கம் மட்டும் மரப்பு. அந்தக் கையை அப்படியே டாக்டர்கிட்ட காட்டினேன். நரம்புல சின்னச் சின்னதா ஷாக் வச்சுப் பார்க்குற டெஸ்ட் எடுத்தாங்க. மணிக்கட்டுலதான் நசுங்கியிருக்காம். தைராய்டும் குறைவா சுரக்குதாம், அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னாங்க. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ராத்திரிக்கு மணிக்கட்டு பட்டை, ஆறு வாரம் போடணும். கழுத்து வலி தனியாம், குனிஞ்சே தைக்கிறதால. ஸ்டூலை மாத்திக் கேட்டிருக்கேன். பட்டையை வேலை நேரத்திலும் போடலாமா தம்பி?

பிசியோ_ஈரோடு:
ராத்திரிக்குப் போதும் அக்கா. பட்டையோட துணி இழுத்தா முழங்கையும் தோளும் சேர்ந்து வலிக்கும். வாரம் ஒருமுறை ரெண்டு உள்ளங்கையையும் பக்கத்துல வச்சு, கட்டைவிரல் அடியில இருக்குற சதைமேட்டைப் பாருங்க. வலது பக்கம் வத்தின மாதிரி தெரிஞ்சா ஆறு வாரம் காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க.