இந்தக் கவிதையில் இறந்தது யார்? அம்மாவா, 'நான்' என்று பேசுகிறவரா?

தாழைமடல்:
எங்கள் வாசிப்புக் குழுவில் தோழி ஒருத்தி போன வாரம் வாசித்த கவிதை இது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே போடுகிறேன்.

கனவில் அம்மா விளக்கை அணைத்தாள்.
இருட்டில்தான் அவள் முகம் தெரிந்தது.
அறை அறையாக என்னைத் தேடுகிறாள்.
நான் கூப்பிடக் கூப்பிட
அவளுக்குக் கேட்கவில்லை.

முடித்ததும் நாலைந்து பேர் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அவள் அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். அது தெரிந்ததும் ஒருவர், "அப்போ இது பொய்தானே?" என்று கேட்டுவிட்டார். தோழி முகம் வாடிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் பதிலும் சொல்ல வரவில்லை. இதை எப்படி வாசிப்பது?

ஏட்டுக்கட்டு:
பொய் இல்லை. 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்ற குறுந்தொகைப் பாட்டைப் பாடியவர் கபிலர், ஆனால் அது தலைவி கூற்று, அதாவது காதலி பேசுவதாக அமைந்த பாட்டு. கபிலர் பொய் சொன்னார் என்று யாராவது சொல்வோமா? புதுக்கவிதையில் இப்படி யார் பேசுவது என்று சொல்லும் கூற்றுக் குறிப்பு இல்லாததால் 'நான்' என்றதும் கவிஞரையே நினைத்துக்கொள்கிறோம். கவிதைசொல்லி வேறு ஆளாக இருக்கலாம், ஆளாகவே இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளக்கின் 1992 தொகுப்பான 'த வைல்ட் ஐரிஸ்' முதல் கவிதையில் பேசுவது ஒரு பூ. மரணம் என்று நீங்கள் சொல்வது எனக்கு நினைவிருக்கிறது என்கிறது அது.

இந்தக் கவிதையில் தேடப்படுவது யார் என்று பாருங்கள். காணாமல் போனது அம்மா இல்லை. என் வாசிப்பில், இறந்தவர் பேசுகிறார்.

பின்னிரவு:
கனவுக்குப் பலன் பார்ப்பதுபோல 'விளக்கு என்றால் உயிர்' என்று பெயர்க்க வேண்டாமே. என் அப்பா போன பிறகு வந்த கனவுகளில் எல்லாம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே பேசுவார். அதற்கு அர்த்தம் தேடியதைவிட, அந்த அவசரத்தைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

'உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு' என்ற 339ஆம் குறளில் விழிப்பு உண்டு. இந்தக் கவிதையில் யாரும் விழிக்கவே இல்லை, கவனித்தீர்களா?

முரண்தொடை:
புறநானூறு 194இல் ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இரண்டு எதிர்களும் தனித்தனி வீட்டில் இருக்கின்றன. உங்கள் தோழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துவிட்டார். 'அணைத்தாள்' என்றால் விளக்கை நிறுத்தினாள், சரி. பிள்ளையை அணைப்பதும் அதே சொல்தான்! கண்ணுக்கு இருட்டு வந்த அந்த நொடியில் ஒரு தழுவலும் வந்துவிடுகிறது. அதனால்தான் இருட்டில் முகம் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

தாழைமடல்:
'அணைத்தாள்' எனக்குப் படவே இல்லை. நன்றி.

மறுபடி வாசித்தேன். அணைத்தாள், தெரிந்தது என்று இரண்டு வரி இறந்தகாலம். அப்புறம் சட்டென்று 'தேடுகிறாள்'. கனவு அங்கே முடிந்துவிட்டது, தேடல் மட்டும் முடியவில்லை. கடைசி வரியின் 'கேட்கவில்லை' அன்றைக்கா, இன்றைக்கா என்று அந்தச் சொல்லை வைத்துச் சொல்லவே முடியாது. நேற்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. தோழிக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவுக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை" என்றாள்.