புதுப்பிப்பு: லெண்ட்பிரீன் சட்டைத் துணியை மீண்டும் நெய்தல்

நார்வேயின் லெண்ட்பிரீன் பகுதியில் பனி உருகியதால் 2011இல் வெளிப்பட்ட, கி.பி. 230க்கும் 390க்கும் இடைப்பட்ட கம்பளிச் சட்டையின் துணியைக் கையால் நெய்ய முயல்வதாகவும், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவு நூல்கள் அறுந்துகொண்டே இருப்பதாகவும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். சிக்கல் தறியில் இல்லை, நூலில் இருந்தது.

வடக்கு ஐரோப்பாவின் பழைய ஆட்டினங்களுக்கு நீண்ட, உறுதியான வெளிமயிரும் அதனடியில் மென்மையான உள்மயிரும் உண்டு. நான் இரண்டையும் கலந்தே நூற்றிருந்தேன். இம்முறை நீண்ட பற்களுள்ள சீப்பால் வாரி வெளிமயிரைத் தனியே பிரித்து, அதை மட்டும் தக்கிளியில் முறுக்கேற்றி நூற்றேன். நூற்பதற்கு மூன்று மடங்கு நேரம் ஆயிற்று என்றாலும், பாவின் அடியில் கல் எடைகளைக் கட்டித் தொங்கவிடும் நிற்கும் தறியில் அந்த நூல் அறாமல் நின்றது.

சாயமேற்றாத வெளிர், அடர் பழுப்புக் கம்பளிகளைக் கொண்டு ஒரு சாண் அகலத்திற்கு நெய்துவிட்டேன். இந்தத் துணியின் நெசவில் தெரியும் சாய்வரிகள் திசை மாறிச் சாய்சதுரங்களாகக் கூடும் இடத்தில் மட்டும் இரண்டு முறை பிரித்து நெய்ய வேண்டியிருந்தது. பாவு நூல்களைப் பிரித்து உயர்த்தும் விழுதுக் கயிறுகளை இழுக்கும் வரிசை கைக்குப் பழகிய பிறகு பிழை நேரவில்லை. அடுத்து, மூலச் சட்டையில் உள்ளதைப் போல ஓர் ஒட்டுத்துணி தைத்துப் பார்க்கப் போகிறேன்.