வீட்டில் இருக்கும் காந்தங்களால் உடம்புக்குக் கெடுதல் உண்டா?

கொங்குநாடன் (கேள்வி)

வணக்கம். வீட்டில் எங்கு திரும்பினாலும் காந்தம்தான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மை, கொசுவலைக் கதவின் நடுப்பட்டை, காரில் செல்போன் ஒட்டும் ஸ்டாண்ட், கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் நெக்பேண்ட், பெரிய பையனின் மேஜையில் 216 குட்டி உருண்டைகள் கொண்ட காந்தப் புதிர். அப்பாவுக்கு மார்பில் ஐ.சி.டி. (இதயத் தாளம் ஆபத்தாகக் கெட்டால் ஷாக் கொடுக்கும் கருவி) பொருத்தியிருக்கிறது. சின்ன மகள் ஒன்றாம் வகுப்பு. ரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுத்து ஓட்டத்தைக் கெடுக்கும் என்று உறவினர் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்? தூரம், அளவு எல்லாம் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

புலமானி

ரத்த இரும்புப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். உடம்பு முழுவதற்கும் சேர்த்து இரும்பு ஏறக்குறைய 4 கிராம்தான். அதுவும் உலோகத் துண்டாக இல்லை. பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுக்களாக அடைபட்டிருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக லேசாக விலக்கும், ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபினை மிக லேசாக இழுக்கும். எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் 1.5 அல்லது 3 டெஸ்லாவில் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அரை மணி நேரம் படுத்திருப்பவருக்கே ரத்த ஓட்டம் தடைபடுவதில்லை.

இப்போது அளவுகள். தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 0.04 மில்லிடெஸ்லா. ஃப்ரிட்ஜ் பொம்மையின் பின்பக்கத்தில் சில மில்லிடெஸ்லா இருக்கும், விரல் அகலம் விலகினாலே அது காணாமல் போய்விடும். பொதுமக்களின் உடம்பில் எந்தப் பகுதியிலும் 400 மில்லிடெஸ்லாவைத் தாண்ட வேண்டாம் என்பது அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2009-இல் சொன்ன வரம்பு. உடலுக்குள் கருவி எதுவும் இல்லாதவருக்கு வீட்டுக் காந்தத்தின் புலம் ஒரு பிரச்சினையே இல்லை.

கருவி இருந்தால் கணக்கு மாறும். பேஸ்மேக்கர், ஐ.சி.டி. போன்றவை 1 மில்லிடெஸ்லா அளவிலேயே 'காந்த நிலை'க்கு மாறலாம். 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் உள்ள ஒரு நியோடிமியம் (மிக வலுவான காந்த வகை) வில்லையைக் கணக்கிட்டால் இப்படி வருகிறது: மேற்பரப்பில் சுமார் 290 மில்லிடெஸ்லா, 5 செ.மீ. தள்ளி 2, 10 செ.மீ. தள்ளி 0.3, 15 செ.மீ. தள்ளி 0.09. கொஞ்சம் தள்ளிய பிறகு தூரம் இரட்டித்தால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகச் சுருங்குவதால்தான் ஒரு சாண் இடைவெளி இவ்வளவு காப்பாற்றுகிறது. காந்தம் பெரிதாக இருந்தால் இந்த எண்கள் செல்லாது, இன்னும் விலக வேண்டும்.

இதயத்துடிப்பு

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்மேக்கரும் ஐ.சி.டி.யும் காந்தத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பேஸ்மேக்கர் மேல் காந்தம் வந்தால், இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரு நிலையான வேகத்தில் துடிக்க வைக்கும். எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஐ.சி.டி.யில் துடிப்பு கொடுக்கும் வேலை பொதுவாக மாறாது. ஆனால் ஆபத்தான தாளக் கோளாறைக் கண்டுபிடித்து ஷாக் கொடுக்கும் வேலை, காந்தம் அங்கே இருக்கும்வரை நின்றுவிடும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. சில கருவிகள் பீப் ஒலி எழுப்பும், எல்லாமும் அல்ல. அந்த நேரத்தில் தாளம் கெட்டால் கருவி சும்மா இருக்கும், அதுதான் எனக்குக் கவலை.

உங்கள் பட்டியலில் அப்பாவைப் பொறுத்தவரை நான் முதலில் ஒதுக்குவது நெக்பேண்ட். காதிலிருந்து எடுத்ததும் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நேராக மார்பில் தொங்கும். கருவி இருப்பதோ பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில். சட்டையில் காந்தத்தால் ஒட்டும் பெயர்ப்பட்டையும் அப்படித்தான். செல்போன், ஸ்மார்ட் வாட்ச் இரண்டையும் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இல் அறிவுறுத்தியது. சட்டைப் பையில் போன் வேண்டாம், பேண்ட் பையில் வைக்கட்டும். பின்பக்கம் காந்த வளையம் உள்ள போன்களில் இது இன்னும் முக்கியம். படுக்கையில் போனை மார்பின் மேல் வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கொசுவலைக் கதவைக் கடந்து போவதால் ஒன்றும் ஆகாது, பட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்காமல் இருந்தால் போதும். கார் ஸ்டாண்டும் ஃப்ரிட்ஜ் பொம்மையும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மூட்டுவலிக்கு என்று யாராவது காந்த மெத்தை விற்க வந்தால் வாங்காதீர்கள். வலி குறைவதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை, அப்பாவுக்கோ அது நேரடி ஆபத்து.

குடல்நோய் சிகிச்சையகம்

கொங்குநாடன், அந்த 216 உருண்டைகளை இன்றே மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் உண்மையில் அபாயமான பொருள் அதுதான்.

ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினால், அதிலும் சிறிது இடைவெளி விட்டு விழுங்கினால், ஒன்று குடலின் ஒரு மடிப்பிலும் மற்றது இன்னொரு மடிப்பிலும் இருக்கும்போது குடல் சுவர்களுக்குக் குறுக்கே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இடையில் சிக்கிய சுவருக்கு ரத்தம் போகாது. அந்த இடம் அழுகி ஓட்டை விழும், அல்லது இரண்டு மடிப்புகளுக்கும் நடுவே புதுவழி உண்டாகும், சில சமயம் குடல் முறுக்கிக்கொள்ளும். ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் உள்ளே போனாலும் இதே கதைதான். ஆரம்பத்தில் லேசான வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் மட்டும் இருப்பதால் 'எதையோ தின்றது ஒத்துக்கொள்ளவில்லை' என்று பெற்றோர் கஷாயம் கொடுத்துக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் குடல் ஓட்டையாகிறது.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே குழந்தைகள் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதே வகைக் காந்தம் ஒன்றை டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், ஆனால் குழந்தையின் அருகில் கொண்டுபோகாதீர்கள். எக்ஸ்ரேயை நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு உருண்டைகள் ஒரு கோணத்தில் ஒன்றாகவே தெரியும். இரைப்பையிலேயே இருந்தால் எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம், தாண்டிவிட்டால் அறுவை நிபுணர் முடிவு செய்வார். எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மூக்குத்தி, நாக்கு வளையம் போட்டதுபோல் காட்ட இரண்டு உருண்டைகளை இருபுறமும் வைத்துப் பார்ப்பார்கள். வாயில் வைத்தது தொண்டைக்குள் போகும். மூக்கின் நடுச்சுவருக்கு இருபுறமும் ஒட்டியது அந்தச் சுவரை அரித்து ஓட்டையாக்கும். இழுத்துப் பிடுங்காமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

கொங்குநாடன்

மிக்க நன்றி. உருண்டைகளை எடுத்துப் பூட்டிவிட்டேன். இரண்டு சந்தேகம். இப்படிப்பட்டதை எப்படிக் கடையில் விற்கிறார்கள்? அப்பா இண்டக்‌ஷன் அடுப்பில் டீ போடலாமா?

புலமானி

பொம்மைகளுக்கான தரநிலைகளில், விழுங்கக்கூடிய அளவிலான காந்தத்துக்குப் பாயக் குறியீடு 50-க்குக் கீழ் இருக்க வேண்டும். மேற்பரப்புப் புலத்தைக் கிலோகாஸில் (காந்தப்புலத்தின் இன்னொரு அலகு) அளந்து இருபடியாக்கி, முனையின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் பெருக்கினால் வருவது அது. 5 மி.மீ. நியோடிமியம் உருண்டையில் அது பல நூறு. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் இவை 'பெரியவர்களுக்கான மன அழுத்த நிவாரணி' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் 2014-இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டை 2016-இல் நீதிமன்றம் ரத்து செய்து, 2022-இல் மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதயத்துடிப்பு

இண்டக்‌ஷன் அடுப்பில் இருப்பது நிலையான காந்தம் அல்ல, நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் புலம். அடுப்புக்கும் கருவிக்கும் இடையில் 60 செ.மீ. இருக்கட்டும் என்கிறது பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன். கை நீட்டி டீ போடலாம், குனிந்து கிளறக் கூடாது. பாத்திரம் வட்டத்தின் நடுவில் இருந்து அதை முழுக்க மூடட்டும். கருவி அட்டையில் உள்ள மாடலைச் சொல்லி மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குடல்நோய் சிகிச்சையகம்

பூட்டியதோடு விடாதீர்கள். 6 × 6 × 6 என்று கனசதுரமாக அடுக்கிப் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் மூலை காலியாகத் தெரியும். பெட்டியில் உதிரி உருண்டைகள் கூடுதலாகத் தருவதுண்டு, அவற்றையும் கணக்கில் சேருங்கள். குறைந்தால் சோபா கால்கள், கட்டிலின் இரும்புச் சட்டம், ஃப்ரிட்ஜின் அடிப்பக்கம் என்று ஒட்டக்கூடிய இடங்களைத் தேடுங்கள். தேடியும் கிடைக்காமல், மகள் அதை வைத்து விளையாடியிருக்க வாய்ப்பு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லி ஒரு வயிற்று எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.